ஐந்து மணிச் சங்கும் ஏழு மணி பஸ்ஸும்

ஷூவுக்கு மேல்தோல் தைக்கிற வேலையில் ஊசி உடைந்தால் மாற்றிக்கொள்ளலாம்; சாயங்காலம் போனால் போனதுதான். கம்பெனிச் சங்குக்குக் காது கொடுத்துக் கிடந்த உங்களுக்கும் இது தெரியும். எழுபதுகளின் கடைசியில் ஆலங்காயம் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் நான் தைத்துக்கொண்டிருந்தேன்.

ஜோடிக்கு ஒரு ஜெபம்

ஐந்துக்குச் சங்கு ஊதும். ஐந்துக்கே போய்விட்டதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுபடி மிஷினில் உட்காருவோம். ஏழு மணி பஸ்ஸைப் பிடித்து மலையடிவாரத்தில் இறங்கி வீட்டுக்குப் போனால், கடைக்குட்டி ஸ்டெல்லா தூங்கியிருப்பாள். விடியலில் நான் கிளம்பும்போதும் தூக்கம்தான். அவள் விழித்திருக்கிற முகத்தைப் பார்க்க வேண்டுமே என்று ஜோடிக்கு ஒரு ஜெபம் மாதாவுக்குச் சொல்லித் தைப்பேன். பக்கத்து மிஷின் கஸ்தூரி, மலைமேல் ஊர்க்காரி, ஒருநாள் கேட்டாள்: “மேரிக்கா, ஒங்க மாதா மட்டும் அஞ்சு மணிக்கே வூட்டுக்குப் போய்ட்டாங்களா?”

பொய் வராத வாய்

அப்புறம் ஒரு தொழிலாளர் அதிகாரி வந்தார். எல்லாரும் ஐந்துக்கே போகிறோம் என்று சொல்லும்படி மேஸ்திரி பாடம் சொல்லி வைத்திருந்தார். அதிகாரி என்னிடம் எந்த பஸ் என்றார். ஏழு மணி பஸ் என்றேன். அதுவரைக்கும் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். தைத்துக்கொண்டிருப்போம் என்று சொல்லிவிட்டேன். பொய் வரவில்லை, என்ன செய்வது? அவர் போனதும் மேஸ்திரி என் மிஷின் அருகே வந்து நின்றார். “இதுக்குத்தான் ஞாயித்துக்கெழமையானா கோயிலுக்குப் போறியா?”

அதே வேலை

கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி என்ற சட்டம் எப்போதோ இருந்ததாம். எங்கள் கம்பெனிக்கு அந்த அதிகாரியோடுதான் வந்து சேர்ந்தது. சில நாள் இரட்டையாகக் கொடுத்தார்கள். பிறகு அது கட்டுப்படியாகாமல், ஐந்து அடித்ததும் மேஸ்திரியே ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தார். ஏழுக்கு முடிகிற உருப்படி இப்போது ஐந்துக்கே முடிந்தது. எப்படி என்று அவருக்கே விளங்கவில்லை. கஸ்தூரி சொன்னாள்: “அப்ப ஏழு மணிக்குத்தானே வுடுவீங்கன்னு தச்சோம். இப்ப அஞ்சரை பஸ்ஸ நெனச்சி தைக்கிறோம், மேஸ்திரி.”

வெயில் இருக்கும்போது

சுவிட்ச் அணைந்த முதல் நாள், மலை உச்சியில் வெயில் இருக்கும்போதே எங்கள் தெருவில் நுழைந்தேன். ஸ்டெல்லா பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். ஒற்றைக்காலை ஊன்றியபடியே என்னைப் பார்த்தாள். கட்டிக்கொள்வாள் என்று குனிந்தேன். பயந்துபோய் என் நெற்றியில் கை வைத்தாள். “இன்னாம்மா, ஒடம்பு செரியில்லியா?”

சட்டம் எங்களுக்கென்று எழுதி வைத்தது இரட்டைக் கூலியைத்தான், அது சில நாள் வந்து நின்றுபோனது, சட்டத்தில் எழுதாத சாயங்காலம்தான் தினமும் வந்தது.