ஜெய்னம்பு அக்கா போய்ப் பார்த்த வீடுகள்

பூதலூரில் கோவிந்தசாமி ஐயா வீட்டில் ஸ்டூல் மேல் ஏறி நின்று, படுக்கையறைச் சுவரில் இருந்த சென்சாரைக் கழற்றி பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை காலை. போன் அடித்தது. ஜெய்னம்பு அக்காவின் பெயர். எடுத்தால் அவர் மகள் பர்வீன். "அங்கிள், உம்மா மௌத்தாயிட்டாங்க" என்றாள். நான் ஸ்டூலை விட்டு இறங்கினேன். ஐயா என் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டார். அக்கா இறந்துவிட்டார் என்றேன். அவருக்கு எண்பத்தொரு வயது. கொடியில் கிடந்த சட்டையை எடுத்துத் தரச் சொன்னார். இருவரும் அடுத்த ரயிலில் அக்காவின் ஊரான கீழ்வேளூர் போனோம்.

அக்காவோடு வேலை செய்தவர்களும், அவர் பார்த்துக்கொண்ட குடும்பங்களும் படிப்பதற்காக இதை எழுதுகிறேன். உங்களில் பலருக்கு அவரை என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

நான் முன்பு கடைகளுக்குக் கேமரா மாட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தவன். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, இங்கே தனியாக வாழும் பெரியவர்களின் வீடுகளில் சென்சார் பொருத்தும் வேலையைத் தஞ்சாவூரில் தொடங்கியபோது, உடன் வேலை செய்ய ஒருவரைத் தேடினேன். கதவு திறப்பதையும், ஆள் நடமாட்டத்தையும், படுக்கையிலிருந்து எழுவதையும் கருவி சொல்லிவிடும். சொன்ன பிறகு வீட்டுக்குப் போய்ப் பார்க்க ஆள் வேண்டுமே. குவைத்தில் ஒரு வீட்டில் பதினோரு வருடம் ஒரு மூதாட்டியைப் பார்த்துக்கொண்டவர் என்று யாரோ சொல்ல, அக்கா வந்தார். தஞ்சாவூரில் வாடகை அறை எடுத்துத் தங்கினார். வியாழன் மாலை ரயிலில் ஊருக்குப் போய்ச் சனிக்கிழமை திரும்புவார்.

முதல் நாளே எங்களுக்குள் ஒரு பிணக்கு. கோவிந்தசாமி ஐயாவின் மகன் சிங்கப்பூரிலிருந்து, சென்சாரோடு கேமராவும் வேண்டும் என்றார். எனக்குத் தெரிந்த வேலை, உடனே சரி என்றேன். அக்கா கேமராவுக்கு ஒப்பவில்லை. குவைத் வீட்டில் எல்லா அறையிலும் கேமரா இருந்ததாம். அவர் பாய் விரித்துப் படுக்கும் மூலையையும் அது பார்த்துக்கொண்டிருக்குமாம். "கேமரா நல்லாத்தான் பார்க்கும் தம்பி. ஒரு வாய் தண்ணி எடுத்துக் குடுக்காது" என்றார். அந்த மகனிடம் அவரே பேசினார். என்ன பேசினாரோ, கேமரா வேண்டாம் என்று ஆகிவிட்டது.

ஆனால் ஐயாவுக்குச் சென்சாரும் பிடிக்கவில்லை. ஆற்று மதகுகளைத் திறந்து மூடும் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அத்தனை கிராமத்துக்கும் தண்ணீர் விட்டவனை இப்போது ஒரு டப்பா வேவு பார்க்கிறதா என்பது அவர் கோபம். ஒருநாள் காலையில் அவர் வீட்டில் நடமாட்டமே இல்லை என்று என் போனில் வந்தது. அக்கா ஓடினார். ஐயா இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கூடத்துச் சென்சார் மேல் அவர் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா துண்டை எடுக்கவில்லை. எதிரே உட்கார்ந்து, எந்த இடத்தில் இது இருக்கக் கூடாது, நீங்களே சொல்லுங்க என்றார். கொல்லைப் பக்கம் என்றார் ஐயா. அங்கே போய்த்தான் அவர் பீடி குடிப்பார். அன்று மாலையே கொல்லைக் கதவுச் சென்சாரைக் கழற்றச் சொன்னார் அக்கா. மகன் கேட்டால் என்ன சொல்வது என்றேன். "ஐயா வேணாம்னாருன்னு சொல்லுங்க, அதுதான் நெசம். பீடி சிங்கப்பூர் வரைக்கும் போக வேணாம். எனக்குத் தெரிஞ்சா போதும்" என்றார். அதன்பின் துண்டு கொடிக்குத் திரும்பிவிட்டது.

அதே வீட்டில் இன்னொரு நாள். என் திரையில் எல்லாம் பச்சை. ஐயா நன்றாக நடமாடுகிறார் என்று காட்டியது. அக்கா என் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, செருப்பை மாட்டினார். காலையிலிருந்து குளியலறைக் கதவு ஏழு தடவை திறந்திருந்தது. நேற்று வரை ரெண்டு தடவைதானே என்றார். போய்ப் பார்த்தால் ஐயாவுக்கு லேசான காய்ச்சல். யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் சிறுநீரில் கிருமி என்றார்கள். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் நினைவு தடுமாறியிருக்கும் என்றார் டாக்டர். நான் செய்த மென்பொருளுக்கு ஏழு என்பது வெறும் நடமாட்டம். அக்காவுக்கு மட்டும்தான் அது ஐயா.

இனிச் சொல்லப்போவது நான் செய்த தவறு. அவரைப் பற்றி எழுதும்போது அதை விட்டுவிட முடியாது.

தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சரோஜா அம்மா தஞ்சாவூரில் தனியாக இருக்கிறார். மகள் ஆஸ்திரேலியாவில். அவர் படுக்கைக்கு அடியிலிருந்த சென்சார் அடிக்கடி வீணாக எச்சரிக்கை அனுப்பும். எழுந்தவரின் நடமாட்டம் வீட்டுக்குள் தெரியாமல், பூப்பறிக்கக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டாலே போன் அலறும். ஒருநாள் காலை ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் எங்கள் வேலையை விளக்கிப் பேசிக்கொண்டிருந்தேன். போன் அதிர்ந்தது. சரோஜா அம்மா. வழக்கம்போலத்தான் என்று நினைத்து அதை அணைத்தேன். மறுபடி வந்தது. மறுபடி அணைத்தேன். பாத்திரம் தேய்க்க வந்த பெண் பகலில் கதவைத் திறந்தபோது அம்மா சமையலறைத் தரையில் கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. இரண்டரை மணி நேரம் அப்படியே கிடந்திருக்கிறார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்காவிடம் சொன்னேன், அன்று பக்கத்துத் தெருக்களில் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள், மகளிடம் கரண்ட் இல்லாததால் தகவல் வரவில்லை என்று சொல்லிவிடலாம் என்று. அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"அந்த வூட்டுல கரண்ட் போகல தம்பி. நாமதான் போகல."

உண்மையைச் சொன்னால் இந்த வேலையையே மூட வேண்டியதுதான் என்றேன். அப்போதுதான் தன் கதையைச் சொன்னார். அவர் குவைத்தில் இருந்தபோது கீழ்வேளூரில் அவருடைய உம்மா இறந்துவிட்டார். தூர தேசத்தில் தனியாக இருக்கிறாளே, தாங்கமாட்டாள் என்று வீட்டில் மறைத்துவிட்டார்கள். மூன்று வாரம் தினமும் போன் செய்து உம்மாவிடம் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். தூங்குறாங்க என்று பதில் வந்திருக்கிறது.

"எனக்கு நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சாங்க. அந்த மூணு வாரம் இன்னமும் எனக்கு ஆறல. அந்தப் பொண்ணுக்கும் அப்படி ஒண்ணைக் குடுத்துடாதீங்க. வேலை போனா போகட்டும்."

போனை எடுத்து மகளிடம் நடந்ததைச் சொன்னேன். இரண்டு தடவை அணைத்ததையும் சொன்னேன். அவர் இணைப்பைத் துண்டித்தார். நான்காம் நாள் வந்து சேர்ந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. சென்சார்கள் எல்லாம் ஓர் அட்டைப்பெட்டியில் திரும்பி வந்தன. செய்தி பரவி இன்னும் இரண்டு வீடுகள் விலகின. அக்கா மட்டும் யாரும் கூப்பிடாமலே தினமும் ஆஸ்பத்திரிக்குப் போனார். சரோஜா அம்மாவுக்கு உடை மாற்றி, தலை வாரிவிட்டு வருவார். மகள் முதல் வாரம் அவரிடமும் பேசவில்லையாம். அக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோபப்பட அந்தப் பெண்ணுக்கு உரிமை இருக்கிறது என்பார்.

ஒரு மாதம் கழித்து, ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பும் முன் மகள் என்னை அழைத்தார். சென்சாரைத் திரும்ப மாட்டச் சொன்னார். எச்சரிக்கை வந்தால் யார் பார்க்கிறார்கள், யார் போகிறார்கள் என்று பெயரோடு தெரிய வேண்டும் என்றார். அன்றிலிருந்து எல்லா வீட்டுக்கும் அப்படித்தான். அழைத்துப் பேசி, அந்தப் பெரியவரின் குரலைக் கேட்ட பிறகே எச்சரிக்கையை அணைக்கிறோம். குரல் வராவிட்டால் ஆள் கிளம்புகிறோம்.

கீழ்வேளூரில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு அக்காவை அடக்கம் செய்தார்கள். கோவிந்தசாமி ஐயா என் கையைப் பிடித்துக்கொண்டு கபர்ஸ்தான் வரை நடந்தார். திரும்பி வந்தபோது பர்வீன் விவரம் சொன்னாள். காலையில் தொழுதுவிட்டு நெஞ்சு கரிக்கிறது, ஒரு டீ போடு என்றிருக்கிறார். இவள் டீயோடு வந்தபோது சுவரில் சாய்ந்தபடி இருந்திருக்கிறார். உயிர் இல்லை.

மறுநாள் சரோஜா அம்மாவிடம் சொல்லப் போனேன். போனில் சொல்ல மனம் வரவில்லை. அவர் இப்போது வாக்கர் பிடித்துக் கூடம் வரைக்கும் நடக்கிறார். விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"கடைசியில யாராச்சும் பக்கத்துல இருந்தாங்களா?"

மகள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்று சொல்லியிருக்கலாம். தரையில் தனியாகக் கிடந்த அந்த அம்மாவுக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும். சொல் நாக்கு வரை வந்தும் விட்டது.

"மகள் வீட்டுலதான் இருந்தா அம்மா. ஆனா அடுப்படியில. டீ போட்டு எடுத்துட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சு" என்றேன்.

அவர் அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஜெய்னம்பு அக்காவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது இவ்வளவுதான்: நேரில் போவது, நடந்ததை நடந்தபடி சொல்வது, சொன்ன பிறகு உடனே எழுந்து வந்துவிடாமல் இருப்பது.