அப்பாவுக்குப் பக்கத்து சீட்டு

இன்று காஞ்சிபுரத்து நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய் வாசனை மூக்கில் பட்டதும், பள்ளிக்கூடம் விட்டு அப்பாவோடு ஏனாத்தூர் பஸ் ஏறிய சாயங்காலங்கள் ஞாபகம் வந்தன. தோல் பதனிடும் கொட்டகையில், கடுக்காயும் ஆவாரம்பட்டையும் ஊறிய தொட்டியில் நாளெல்லாம் நின்ற அவரிடமிருந்து ஆட்கள் விலகிப்போக, எவ்வளவு நெரிசலிலும் எனக்கு ஜன்னலோரம் கிடைக்கும். ராணிபோல் காலாட்டிக்கொண்டு வருவேன்.

சுற்றியிருந்த கிணறுகள் பழுப்பாகிப்போக, கழிவுநீரைச் சுத்திகரிக்க வசதியில்லாத முதலாளி கொட்டகையை மூடினார். அப்பா பட்டுக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். ஒருநாள் தாமதமாக, சிரித்துக்கொண்டே வந்தார்.

"பஸ்ல பக்கத்துல உக்காந்தவரு என் தோள்ல சாஞ்சு தூங்கிக்கினே வந்தாருமா," என்றார் என்னிடம். "எழுப்ப மனசு வரல. நம்ம ஸ்டாப்பு தாண்டிப் போயி, நடந்து வந்தேன்."