அம்மாபேட்டையில் நான் போட்ட கல்தளம்

வீட்டு வாசல்களுக்குக் கல் பாவி, மரம் நட்டு, நடைபாதை போட்டுக் கொடுப்பது என் தொழில். இண்டர்மீடியட் தேறியவன் இந்த வேலைக்கு வந்ததைச் சேலத்தில் பலர் கேலி செய்தார்கள். யுத்தத்துக்கு இரண்டு மூன்று வருஷம் முன்பு, அம்மாபேட்டையில் ஒரு ஜவுளி வியாபாரியின் பின்வாசலை முடித்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு யாரும் கேலி செய்யவில்லை.

மழை பெய்தால் அந்த வாசல் செம்மண் குழம்பாகிவிடும். மகள் கல்யாணப் பந்தலை அங்கேதான் போட வேண்டும் என்பது வியாபாரியின் ஆசை. நாமக்கல் பக்கமிருந்து வண்டி வண்டியாகக் கருங்கல் பலகைகள் வந்தன. ஒவ்வொன்றையும் நானே தட்டிப் பார்த்துப் பொறுக்கினேன். பழைய பவளமல்லியைச் சுற்றி வட்டமாக இடம் விட்டு, கிணற்றடிவரை சுண்ணாம்புச் சாந்தில் வரிசை பிசகாமல் பாவினோம். இரண்டு கல்லுக்கு நடுவே நகம் நுழையாது. இதை எழுதும்போதுகூட எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

தண்ணீர் ஓடும் வாட்டத்தில்தான் தவறினேன். என் கொத்தனார் திருச்செங்கோட்டுக்காரர்.

“சந்துப் பக்கமே வாட்டம் குடுத்தரலாமுங்க. கெழக்கால தறிக்காரரு ஊடு. மண்சொவருங்க,” என்றார்.

சந்துப் பக்கம் சாய்த்தால் வீட்டோரம் தளத்தை உயர்த்த வேண்டும். செதுக்கிய பின்வாசல் படி பாதி புதைந்துவிடும். கிழக்கே தரை தானாகவே சரிந்திருந்தது. நான் கிழக்கையே எடுத்துக்கொண்டேன். மண்ணாக இருந்தவரை மழையைத் தரையே குடித்துவந்தது என்பதை நினைக்கவில்லை.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது நல்ல மழை. தளத்தில் ஒரு சொட்டு நிற்கவில்லை. நான் பூரித்து நின்றபோது பக்கத்து வீட்டு நெசவாளி வந்தார்.

“கொஞ்சம் எங்க வீடு வரைக்கும் வாங்க சாமி. தறிக்குழியில தண்ணி நிக்குதுங்க.”

காலைத் தொங்கவிட்டு மிதிக்கும் குழியில் முழங்காலளவு தண்ணீர். ஈரம் ஏறி, நூலுக்குப் போட்ட கஞ்சி விட்டுப்போய், தறியில் பூட்டிய பாவின் இழைகள் அறுந்துகொண்டிருந்தன. அவருக்கு இருந்தது அந்த ஒரு தறிதான்.

“இது மழைத் தண்ணிங்களா, ஊத்துங்களா? ஊத்துன்னா குழியத் தூத்துரணும். வேற தறி போட எடமில்லீங்க. படிச்சவங்க, பாத்துச் சொல்லுங்க.”

நான்கு வரிசைக் கல்லைப் பெயர்த்து வாட்டத்தை மாற்றினால் தீர்ந்துவிடும் என்று எனக்குத் தெரியும். ரசமட்டத்தைக் குழியின் விளிம்பில் வைத்துப் பார்த்தேன். “ஊத்துக்கண் தெறந்திருக்குதுங்க,” என்றேன்.

வெளியே வந்ததும், கூடவே வந்திருந்த கொத்தனார் கேட்டார்: “சேலத்து ஊத்துல சுண்ணாம்பு கரைஞ்சு வருங்களா? தண்ணி பாலாட்டம் இருந்துச்சே.”

நான் ரசமட்டத்தைத் துடைத்துப் பைக்குள் போட்டேன்.

மறுநாளே நெசவாளி குழியில் மண்ணைக் கொட்டி மூடினார். தறியைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, இன்னொருவர் தறியில் கூலிக்கு உட்கார்ந்தார். தெருவில் என்னைப் பார்த்தால் கும்பிடுவார். வந்து பார்த்துச் சொன்னதற்கு நன்றியாம்.

கல்யாணத்துக்கு வந்தவர்கள் மணப்பெண்ணைவிடத் தளத்தைத்தான் அதிகம் பார்த்தார்கள். ராசிபுரம், மோகனூர் வரை எனக்கு வேலை வந்தது. எங்கே போனாலும் முதலில் பக்கத்து வீட்டுச் சுவரைத் தொட்டுப் பார்ப்பேன். அந்த வாசல்கள் எதிலும் ஒரு குறை சொல்ல முடியாது.

பந்தல் பிரித்த அன்று கொத்தனார் கடப்பாரையோடு வந்து நின்றார். “இப்ப வாட்டத்த மாத்திரலாமுங்களா? தறிக்காரரு குழிய மறுபடி வெட்டிக்குவாரு,” என்றார். பெயர்க்க வேண்டிய நான்கு வரிசைகளையும் பார்த்தேன். அந்தத் தளத்திலேயே மிக நேர்த்தியாக அமைந்தவை அவைதான். வேண்டாம் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன்.