ஏழாம் நம்பர் ஆடிய ஞாயிற்றுக்கிழமை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், ஆவி, ராசி, குறி எதற்கும் எனக்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது. வீட்டில் ஜெபம் உண்டு, ஞாயிறு ஆராதனை உண்டு, அதோடு சரி. போதாததற்கு, சந்தேகப்படுவதுதான் என் வேலையே. டெல்லியில் ஒரு பெண்கள் பாஸ்கெட்பால் கிளப்பில் உதவிக் கோச்சாக இருக்கிறேன். புதிதாக வருகிற பெண்களில் யாருடைய வயதுச் சான்றிதழ் சரியில்லை, யார் முட்டிவலியை மறைக்கிறாள், யார் பிராக்டிஸுக்கு வராமலே வந்ததாகக் கதைவிடுகிறாள் என்று மோப்பம் பிடித்துப் பழகி, இப்போது என் கணவர் வாங்கி வரும் தக்காளியைக்கூட நான் திருப்பித் திருப்பிப் பார்க்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன். அப்படிப்பட்ட நான் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் சிரித்துவிட்டுப் போங்கள்.

எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் பெண்களை மெயின் டீமோடு பெஞ்சில் உட்காரவைத்துத் துருப்பிடிக்க விடமாட்டோம். கீழ்மட்ட லீகில் ஆடுகிற எங்கள் பி டீமுக்கு ஓரிரு மாதம் அனுப்பிவிடுவோம். அனுப்பும்போது ஒரே ஒரு வீட்டுப்பாடம் கொடுப்போம். எத்தனை பாயின்ட் எடுத்தாள் என்பது பெரிதில்லை, அந்த ஒரு தப்பு திருந்தியதா இல்லையா என்பதுதான் கணக்கு. அதைப் பார்ப்பதற்கு நான் சொல்லாமல் கொள்ளாமல் போய், மேல் வரிசையில் உட்கார்ந்து, பென்சிலால் குறித்துக்கொண்டு வருவேன்.

அந்த வருடம் வந்த இரண்டு பேரில் ஒருத்தி ஜெனிட்டா. தூத்துக்குடிப் பெண், பத்தொன்பது வயது. கை பிரமாதம், கண் பிரமாதம், கால்தான் தகராறு. பந்தைப் பிடித்து நின்றவள், அதைத் தரையில் தட்டுவதற்கு முன்பே ஊன்றிய இடது காலைத் தூக்கிவிடுவாள். ரெஃப்ரி 'டிராவல்' என்று விசிலடித்துப் பந்தை எதிரணிக்குக் கொடுத்துவிடுவார். ஒரே மேட்ச்சில் ஆறு தடவை இப்படி. ஐந்து மாதம் தொண்டை வறளக் கத்திப் பார்த்துவிட்டேன். எனக்குப் பாளையங்கோட்டை, அதனால் அவள் மேல் எனக்குக் கொஞ்சம் பாசம் கூடுதல்தான், ஆனால் அதை நான் வெளியே காட்டிக்கொண்டதில்லை.

மார்ச் முடிவதற்குள் இரண்டு பேரில் ஒருத்தியை மட்டும் வைத்துக்கொள்வது என்று கிளப்பில் முடிவாகிவிட்டது. இன்னொருத்தி ஊருக்கு ரயில் ஏற வேண்டியதுதான். ஜெனிட்டா ஊருக்குப் போனால் அதோடு பந்துக்கு முழுக்கு, அவள் அப்பா மாப்பிள்ளையே பார்த்து வைத்திருந்தார். யார் இருப்பது, யார் போவது என்பது என் ரிப்போர்ட்டில் இருந்தது. ரிப்போர்ட்டுக்கு முந்தின கடைசி ஆட்டம் அந்த ஞாயிற்றுக்கிழமை.

துவாரகா பக்கம் ஒரு பள்ளிக்கூட மைதானம். காலை ஒன்பதரைக்கு ஆட்டம். லக்ஷ்மிபாய் நகரில் எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். மூடுபனி இல்லை, புழுதி இல்லை, நல்ல வெயில். என் கண்ணாடிகூட மாற்றி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், பிறகு நீங்கள் இதைத்தான் கேட்பீர்கள்.

பி டீமில் ஜெனிட்டாவுக்கு ஏழாம் நம்பர். அன்றைக்கு அந்த ஏழாம் நம்பர் ஆடிய ஆட்டத்தை என்னவென்று சொல்ல. பந்து தரையைத் தொடும்வரை இடது கால் அசையவில்லை. ஒரு தடவை, இரண்டு தடவை இல்லை, ஆட்டம் முழுக்க. ஒன்பது முறை பந்தோடு உள்ளே புகுந்தாள், ஒரு டிராவல்கூட இல்லை, பதினாலு பாயின்ட். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்வதில் என்ன வெட்கம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த வேலையில் நாங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. நம்பரைப் பார்ப்போம், காலைப் பார்ப்போம். அன்றைக்கு முகத்தைப் பார்த்தாயா என்று என் கணவர் கேட்டபோதும் 'ஏழாம் நம்பர்' என்றுதான் சொன்னேன்.

ஆட்டம் முடிந்ததும் கீழே இறங்கிப் போனேன், வழக்கத்துக்கு மாறாக முதுகில் ஒரு தட்டு தட்டலாம் என்று. அவள் இல்லை. பி டீம் கோச் ஒரு டெல்லிக்காரர், "அபீ தோ யஹீன் தீ, மேடம்" என்று சுற்றுமுற்றும் பார்த்தார். இப்போதுதான் இங்கே இருந்தாளாம். கூட ஆடிய பெண்ணைக் கேட்டால், இன்றைக்கு ஜெனிட்டா யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை என்றாள். பி டீமில் ஜெர்சிகளைத் துவைக்க ஒரே பையில் போட்டுவிடுவார்கள். எனக்கு எதுவோ உறுத்தியது, பையைத் திறந்து பார்த்தேன். எல்லா ஜெர்சியும் வியர்வையில் சொதசொதவென்று கிடக்க, ஏழாம் நம்பர் மட்டும் மடித்து வைத்தபடி காய்ந்து இருந்தது. சோப்பு வாசனை வந்தது.

போன் போட்டேன். ரொம்ப நேரம் அடித்த பிறகு எடுத்தாள்.

"எங்கடி போன அதுக்குள்ள?"

"எங்கயும் போகலக்கா. ரூம்லதான் இருக்கேன்."

"மேட்ச் முடிஞ்சு பத்து நிமிஷத்துல முனிர்கா ரூமுக்கு எப்படிப் போன?"

"நான் மேட்ச்சுக்கு வரலக்கா. காய்ச்சல்" என்றாள்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. ஆள்மாறாட்டம். வேறு ஒருத்தியை ஜெர்சி போட்டு இறக்கியிருக்கிறார்கள், கோச்சும் உடந்தை. இந்தத் தொழிலில் நடக்காததில்லை. வெளியே தெரிந்தால் அவளுக்கு ஆயுள் தடை, கிளப்பின் மானமும் போகும். நேரே ஆட்டோ பிடித்து முனிர்கா போனேன்.

ஒரு ஆள் நடக்கிற சந்து, மூன்றாவது மாடி, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிற ரெஜினா என்ற பெண்ணோடு ஒரே அறை. ஜெனிட்டா போர்வையை இழுத்துப் போர்த்தியிருந்தாள். நெற்றியில் கை வைத்தேன், சில்லென்று இருந்தது. காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. டி-ஷர்ட் வியர்வையில் நனைந்திருந்தது, வாசலில் கிடந்த ஷூவின் அடியெல்லாம் சிமென்ட் தூசி. ஜன்னல் திட்டில் ஆடை படிந்த ஒரு கிளாஸ் டீ, யாரும் வாய் வைக்காதது. ரெஜினா என் முகத்தைப் பார்க்காமல் துணி மடித்துக்கொண்டே இருந்தாள்.

"பொய் சொல்லாத. எங்க போய் ஓடிட்டு வந்த?"

"என்ட்ட கேக்காதீங்கக்கா" என்று அழ ஆரம்பித்தாள். எல்லோரும் சேர்ந்து என்னை முட்டாளாக்குகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

அந்த வாரம் நான் தூங்கவில்லை. ஸ்கோர் ஷீட்டை வாங்கிப் பார்த்தேன், நான் பென்சிலால் குறித்திருந்ததோடு அப்படியே ஒத்துப்போனது. பி டீம் பெண்கள் எல்லோரையும் தனித்தனியாகக் குடைந்தேன், எல்லோரும் ஒரே வாயாக ஆடியது ஜெனிட்டாதான் என்றார்கள். கடைசியில் ரிப்போர்ட்டில் ஒரு தந்திரம் செய்தேன். பெயர் போடாமல், 'ஏழாம் நம்பர் ஒரு டிராவல்கூட இல்லாமல் ஆடியதைப் பார்த்தேன்' என்று எழுதினேன். பொய் இல்லை, ஆனால் எனக்கு இன்றைக்கும் அது முள்ளாகக் குத்துகிறது. அவளை வைத்துக்கொண்டார்கள். இன்னொரு பெண் ரயில் ஏறினாள்.

மெயின் டீமில் முதல் ஆட்டத்திலேயே தெரிந்துவிட்டது. இடது கால் அப்படியே நின்றது. பிசகே இல்லை.

எட்டு மாதம் கழித்து, ஒரு நாள் காலை பிராக்டிஸில் அவள் ஷூ நாடா கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. சும்மாதான் கேட்டேன், "அந்தக் காலை எப்படிடி சரி பண்ணின?" என்று.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நீங்கதானக்கா சொல்லித் தந்திய."

"நான் அஞ்சு மாசம் கத்தினேன். நீ எங்க கேட்ட?"

"அது இல்லக்கா. அந்த ஞாயித்துக்கிழம. காலைல ஒம்பது மணிக்கு ரூமுக்கு வந்திய. இன்னைக்கு மேட்ச் வேண்டாம், மொட்டமாடிக்கு வான்னு கூட்டிட்டுப் போனிய. பதினோரு மணி வரைக்கும் அந்த ஒரு கால மட்டும் பாத்திய. ஒரு தடவகூட ஏசல. ரெஜினாக்கா டீ போட்டுக் கொண்டாந்தாவ, நீங்க தொடவே இல்ல."

ஒன்பது மணிக்கு நான் துவாரகா போகிற ஆட்டோவில் இருந்தேன். பதினோரு மணிக்கு மைதானத்தில். ரெஜினாவைப் பிறகு கேட்டேன், அவளும் அட்சரம் பிசகாமல் இதையேதான் சொன்னாள். ஜெனிட்டாவிடம் எனக்கு அப்போது கேட்கத் தோன்றியது ஒன்றுதான்.

"அப்ப அன்னைக்கு நான் வந்து கேட்டப்ப ஏன் மறைச்ச?"

"போகும்போது நீங்கதான சொன்னிய. 'மத்தியானம் நான் திரும்ப வந்து கேப்பேன், என்ட்ட மட்டும் சொல்லிராத'ன்னு. டெஸ்ட் பண்ணுதியன்னு நெனச்சேன்."

அவள் எழுந்து பந்தைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். யாரைச் சந்தேகப்படுவது என்று தெரியாமல் நான் இருந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு நான் எந்தப் பெண்ணின் அறைக்கும் போவதில்லை. போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு புதுப் பெண் வந்து சேர்ந்தாள். அவளையும் பி டீமுக்கு அனுப்பியிருக்கிறோம். நேற்று நான் கோர்ட்டுக்குள் நுழைந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஏதோ சொல்ல வந்தவள், சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். என்ன என்று நான் கேட்கவில்லை.