அக்காவுக்கு எழுதத் தெரியாது என்ற புத்தகம்

எழுபதுகளின் நடுவில், அக்காவின் கணவர், என் அத்தான், இறந்து மூன்றாம் வருடம், அவரைப் பற்றிய முதல் புத்தகம் வந்தது. அத்தான் நாடறிந்த எழுத்தாளர். துறைமுகத்தில் வேலை முடிந்து வரும் வழியில் ஒரு பிரதி வாங்கி, சாம்பல்தீவு பஸ்ஸில் இருந்தபடியே புரட்டினேன். அவர் எழுத வாசிக்கத் தெரியாத ஒரு பெண்ணைக் கட்டினாராம். தன் கதைகளை மனைவியால் படிக்க முடியாதது அவருடைய பெரிய துயரமாம்.

அக்கா பயிற்றப்பட்ட ஆசிரியை. கோழி கிளறியது போன்ற அத்தானின் கையெழுத்தைப் பார்த்துவிட்டு அச்சகத்தார் முதல் நாவலைத் திருப்பி அனுப்பினார்கள். அதன்பிறகு அவருடைய ஒவ்வொரு வரியையும் அக்காதான் பள்ளிக்கூடம் விட்டு வந்து, குசினியில் அடுப்புக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, பிரதி எடுத்தார். சரியில்லாத இடத்தைச் சரியில்லை என்றும் சொல்வார். அத்தான் கத்துவார், மறுநாள் மாற்றுவார்.

புத்தகம் எழுதியவர் நகர மண்டபத்தில் பேச வந்தபோது, அக்கா பிரதி எடுத்து வைத்திருந்த நோட்டுக் கொப்பிகளில் மூன்றைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

"ஐயா, என்ர அக்காவுக்கு எழுதத் தெரியாதெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"ஒரு பழைய கட்டுரையில இருந்தது."

"அவ உயிரோட இருக்கிறா. பஸ்ஸில ஏறி வந்து ஒருக்காக் கேட்டிருக்க ஏலாதோ?"

"சின்னப் பிழைதானே, ஏன் இவ்வளவு கோவம்? அடுத்த பதிப்பில திருத்துறன்."

சபையில் யாரோ சிரித்தார்கள். நான் கொப்பிகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

திருத்தத்தான் செய்தார். அடுத்த பதிப்பில் அந்த வரி இல்லை, அக்காவே இல்லை. அதற்குள் கொழும்பில் இன்னொருவர் பழைய வரியை அப்படியே எடுத்துத் தன் புத்தகத்தில் போட்டிருந்தார். கூடவே, கையெழுத்துப் பிரதிகளைப் போட்டு மனைவி அடுப்பெரித்தார் என்று தன் பங்குக்கும் ஒரு பொய்.

"உங்களுக்குக் கோவமே வரேல்லையோ?" என்று அக்காவிடம் கத்தினேன்.

"வருது தம்பி. நீ கோவிச்சு என்ன கண்டனீ? நானே எழுதுறன்."

கொழும்புப் பதிப்பகத்துக்கு நாலு பக்கம் எழுதினார். ஓரிடத்தில்கூட அடித்தல் இல்லை. கீழே தன் கையொப்பம் வைத்து, தன் கையாலேயே தபாலில் சேர்த்தார்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. அம்மையாரின் மனவருத்தத்தை உணர்கிறார்களாம். அவருக்காக இந்தக் கடிதத்தை இவ்வளவு அழகாக எழுதிக் கொடுத்தவருக்கும் நன்றியாம்.

அத்தானின் செத்தவீட்டில்கூடச் சத்தம் போட்டு அழாத அக்கா அன்று அழுதார். அந்தக் கடிதத்தை நான் சுக்குநூறாகக் கிழித்தேன். ஆத்திரம் இன்றுவரை அடங்கவில்லை.