நன்கொடைக்கு இரண்டு சாட்சி

காவல் நிலையத்தில் முப்பது வருஷம் ரைட்டராக எழுதியே தேய்ந்த மனுஷரைக் காவலர் அறக்கட்டளைக்குப் பொருளாளராகப் போட்டால் என்ன ஆகும்? நன்கொடை கொடுத்தவருக்கு ரசீது வராது, பறிமுதல் மகஜர்தான் வரும். 'மேற்படி நபரிடமிருந்து, மடித்த நிலையில் ஐந்து நோட்டுகள், இரு சாட்சிகள் முன்னிலையில் கைப்பற்றப்பட்டன.'

கொடுத்தவர்கள் மறு வருஷம் அந்தத் தெருப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. முதல் வருஷம் கொழுத்திருந்த கணக்கு ஒன்பதாம் வருஷம் எலும்பும் தோலுமாக நின்றது. விபத்தில் இறந்த காவலர் ஒருவரின் மகளுக்கு நர்சிங் கடைசி வருஷக் கட்டணம் வெள்ளிக்கிழமைக்குள் கட்டியாக வேண்டும். கட்டுவதாக அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு வாக்குக் கொடுத்தவர் ரைட்டர்தான்.

"பணம் குடுத்தவனையே திருடன் மாதிரி எழுதினா எவன் திரும்பி வருவான்?" என்றாள் மனைவி.

"விதிமுறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"அப்போ அந்த விதிமுறையையே காலேஜ்ல கட்டுங்க."

சுருக்கென்றது. பழைய நன்கொடையாளர்கள் எல்லோருக்கும் கடிதம் எழுத உட்கார்ந்தார். 'அன்புள்ள' என்று தொடங்கியதென்னவோ உண்மை. இரண்டாவது வரியிலேயே கை பழைய புத்தியைக் காட்டிவிட்டது: 'புதன் காலை பத்து மணிக்குத் தவறாமல் நேரில் ஆஜராகவும்.'

ஒன்பதரைக்கே நாற்பது பேர் ஆஜர். இரும்புக்கடைக்காரர் வக்கீலோடு வந்திருந்தார். மருந்துக்கடைக்காரர் கையில் பை, பைக்குள் மாற்றுத் துணி.

"எங்க மேல என்ன சார் கேஸு?"

ரைட்டர் அவசரமாக எழுந்து நின்றார். "கேஸெல்லாம் ஒண்ணுமில்லை. ஒரு பொண்ணு படிப்பு நின்னுடும் போல இருக்கு. இஷ்டமிருந்தா குடுங்க, இல்லேன்னா தாராளமா வீட்டுக்குப் போங்க."

"அட, இவ்வளவுதானா? ரெண்டு நாளா நான் சாப்பிடலை சார்!" என்று இரும்புக்கடைக்காரர் சட்டைப்பைக்குள் கையை விட்டார். போன உயிர் திரும்பி வந்த சந்தோஷத்தில் யாரும் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. வக்கீலும் தன் ஃபீஸைத் தூக்கி மேஜையில் வைத்தார்.

வியாழனன்று தாயும் மகளும் வந்தார்கள். ரைட்டர் விடுவாரா? 'மேற்படி தொகை ஒப்படைக்கப்பட்டது' என்று எழுதி நீட்டினார். மகள் கையெழுத்துப் போட்டாள். சாட்சி ஒன்று, ரைட்டரின் மனைவி. சாட்சி இரண்டு, பெண்ணின் அம்மா. அவள் குனிந்து எழுதும்போது கண்ணீர் சொட்டி மை பரவிவிட்டது.

முப்பது வருஷத்தில் மை கலைந்த காகிதம் ஒன்றைக்கூட அவர் ஏற்றதில்லை, கிழித்துப்போட்டு வேறு எழுதச் சொல்லுவார். இதை ஈரம் காயும்வரை கையிலேயே வைத்திருந்து, அப்படியே கோப்பில் சேர்த்தார்.