புல் வெட்டும் மிஷினுக்கு எதை ஊற்றுவது?

ஸ்பானர் பிடித்துப் பிழைக்கிற என் இனத்தாருக்கு இது தெரிந்திருக்கும்: ரிப்பேருக்கு வருகிறவர் வாயிலிருந்து முதலில் விழும் வாக்கியம், "நான் ஒண்ணுமே பண்ணலை" என்பதாகத்தான் இருக்கும். எழுபதுகளில் துபாய் சத்வாவில், கீழக்கரை ஹபீப் பாயின் ஒர்க்‌ஷாப்பில் இதைத் தினமும் கேட்டேன். புதுக்கோட்டைப் பக்கம் பம்ப்செட் பார்த்துக்கொண்டிருந்த என்னை பாய் ஜெனரேட்டர் வேலைக்கென்றுதான் கூட்டி வந்தார். ஆனால் பக்கத்து ஜுமேராவில் பங்களாக்கள் எழும்பி, ஒவ்வொன்றின் முன்னாலும் ஜமக்காளம் விரித்தாற்போல் கொஞ்சம் புல் முளைக்க, அதை வெட்டும் மிஷின்கள் எல்லாம் என் தலையில் விழுந்தன. பெட்ரோலில் ஓடும் அந்தச் சின்ன மிஷினுக்குப் பெட்ரோலைத் தவிர மற்றதையெல்லாம் ஊற்றிப் பார்த்தவர்கள் உண்டு.

கழுதையும் குதிரையும்

ஒரு வெள்ளைக்கார மேடம் வீட்டில் குல் கான் என்று ஒரு பட்டாணியத் தோட்டக்காரர். ஆறடி உயரம், ரோஜாச் செடியிடம் மட்டும் மெதுவாகப் பேசுவார். அன்று சாயங்காலம் புல்தரையில் விருந்து. மிஷினோ இழுத்த இழுப்புக்கெல்லாம் இருமியதே தவிர ஓடவில்லை. டேங்க்கைத் திறந்தேன். உள்ளே டீசல்.

டீசலை வடித்து, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, பிளக்கைத் துடைத்து, புதுப் பெட்ரோல் ஊற்றிக் கயிற்றை இழுத்தேன். மிஷின் ஓடியது. கூடவே தீபாவளிப் புஸ்வாணம் மாதிரி வெள்ளைப் புகை. வீடு பற்றிக்கொண்டதென்று பக்கத்து பங்களாக்காரர்கள் வாளியோடு ஓடி வந்தார்கள். புகை அடங்கியதும் கானிடம், "டீசலை ஏன் ஊத்தினீங்க பாய்?" என்றேன். கிணற்று பம்ப்பைக் காட்டினார். அது டீசல் பம்ப், தினமும் அவர்தான் அதற்கு ஊற்றுகிறார். பிறகு என் அறியாமைக்கு இரங்கி இந்தியில் சொன்னார்: "பாய், எங்க ஊர்ல கழுதையும் குதிரையும் ஒரே தொட்டியிலதான் குடிக்கும்!"

ஏப்பம்

டேங்க்கைக் காலி செய்ய அதில் ரப்பர் குழாயை விட்டு, வாயால் உறிஞ்சி, எண்ணெய் மேலேறி வருவதற்குள் வாயை எடுத்துவிட வேண்டும். மெக்கானிக் வாசகர்களே, அந்தக் கடைசி நொடி நமக்கு என்றைக்காவது பிடிபட்டிருக்கிறதா? ஒருநாள் ஒரு மடக்கு உள்ளேயே போய்விட்டது. பால் குடித்தேன், பழம் தின்றேன். ரூமுக்குப் போய் உட்கார்ந்த பிறகும் நெஞ்சிலிருந்து பெட்ரோல் பங்க் வாடைதான் வந்தது.

ரூமில் அன்று சமையல் முறை மாரியப்பனுக்கு. அறந்தாங்கிக்காரன், கட்டட சைட்டில் கம்பி கட்டுபவன். அடுப்பைப் பற்றவைக்கக் குனிந்தவன் என்னைப் பார்த்தான், அடுப்பைப் பார்த்தான், நிமிர்ந்துவிட்டான். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. ஏப்பம் வந்தா மட்டும் ரோட்டுக்குப் போய் விட்டுட்டு வாங்க!"

நமத்த தீப்பெட்டி

ராமநாதன் சார் மயிலாப்பூர்க்காரர், ஒரு கம்பெனியில் அக்கவுன்டன்ட். கம்பெனி கொடுத்த வீட்டின் முன்னால் கைக்குட்டை அளவு புல். அதை அவரே வெட்டுவார், பெருமையாக. ஒரு மத்தியானம் காரில் மிஷினைக் கொண்டுவந்து இறக்கினார். "நான் ஒண்ணுமே பண்ணலைப்பா. காத்தாலதான் பெட்ரோல் ஊத்தினேன்." மூடியைத் திறந்ததும் மூக்கில் மண்ணெண்ணெய் ஏறியது. "சார், வீட்ல மண்ணெண்ணெய் இருக்கா?" என்றேன். "இருக்கே. காஸ் தீர்ந்துடுத்து, ஸ்டவ்வுக்குன்னு ஒரு டின் வாங்கினேன். ரெண்டு டின்னும் ஒரே மாதிரி இருக்கும். ஸ்டவ்வுக்கும் காத்தால நான்தான்..." பாதியில் நிறுத்திவிட்டுக் கார் சாவியைத் தேடினார்.

அப்படியானால் ஸ்டவ்வுக்குள் இருப்பது பெட்ரோல். வீட்டில் போன் இல்லை. காரில் பறந்தோம் என்று சொல்ல ஆசைதான். அந்தப் பதற்றத்திலும் சார் ஒவ்வொரு திருப்பத்திலும் கை காட்டித்தான் திரும்பினார். வீடு வந்ததும் நான் கொல்லைப்புறமாக அடுக்களைக்குள் பாய்ந்தேன். சாரின் மனைவி விசாலம் மாமி ஸ்டவ் முன்னால் தீக்குச்சியை உரசிக்கொண்டிருந்தார். "பத்த வைக்காதீங்க!" என்று கத்தி, தீப்பெட்டியைப் பிடுங்கினேன். கிரீஸ் பூசிய முரட்டு ஆளைக் கண்டதும் மாமி கரண்டியை ஓங்கிவிட்டார். வாசலில் ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த சார் அங்கிருந்தே, "விசாலம், அவர் மெக்கானிக்! அடிச்சுடாதே!" என்று அலறினார்.

ஆகஸ்ட் மாதத்துக் கடற்காற்றில் தீப்பெட்டி நமத்துப் போயிருந்தது. அதனால்தான் மூவரும் பிழைத்தோம். பெட்ரோல் வாடை தெரியவில்லையா என்று கேட்டேன். புல் வெட்டுகிற நாளெல்லாம் வீடு முழுக்க இதே நாற்றம்தானே என்றார் மாமி. ஸ்டவ்வை வெளியே தூக்கிப்போய்க் கவிழ்த்துவிட்டு வந்தேன். அதற்குள் சாரும் அடுக்களைக்கு வந்திருந்தார். அவரை ஒரு பார்வை பார்த்த மாமி என் பக்கம் திரும்பினார். "ஒரு வாய் காபி குடிச்சுட்டுப் போங்கோன்னு சொல்லணும். அதுக்கு ஸ்டவ்வுல எதை ஊத்தறதுன்னு இவரையே கேளுங்கோ!"

கலாஸ்

கடைசியாக ஓர் அரபிப் பெரியவர். பம்பாய் பார்த்தவர், நல்ல இந்தி பேசுவார். அந்தக் கோடையில் அவர் வீட்டு மிஷினுக்கு டிரைவர் ஒருதரம் டீசல் ஊற்றினார், சமையல்காரர் ஒருதரம் மண்ணெண்ணெய் ஊற்றினார். பிறகு பெரியவர் தாமே பெட்ரோல் வாங்கிவந்து, தம் கையாலேயே, இன்ஜின் ஆயில் ஊற்றும் துவாரத்தில் ஊற்றினார். நல்லவேளை, கயிற்றை இழுக்குமுன் எனக்கு ஆள் அனுப்பினார். மூன்று முறையும் நான் போய்ச் சரி செய்தேன். பெரியவர் பால் சேர்க்காத சுலைமானி டீ கொடுத்து, "யல்லா, அடுத்த வாரம் பார்க்கலாம்" என்பார்.

அடுத்த வாரம் யாரும் கூப்பிடவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. மிஷின் இவ்வளவு நன்றாக ஓடுகிறதா என்று எனக்கே சந்தேகம் வந்து போய்ப் பார்த்தேன். புல்தரை ஒட்ட வெட்டி, சீராக, அழகாக இருந்தது. நடுவில் இரண்டு ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. மிஷின் கோழிக்கூண்டுக்கு முட்டுக் கொடுத்து நின்றது. பெரியவர் எனக்கு டீ ஊற்றியபடியே, "கலாஸ் பாய், முடிஞ்சுபோச்சு! இதுக்கு எதை ஊத்தறதுன்னு யாரும் யோசிக்கவே வேண்டாம்!" என்றார்.

வளைகுடாவில் என் பிழைப்பில் மண்ணைப் போட்ட போட்டியாளர்கள் இருவரும் நாலு காலில் நடந்தார்கள் என்பதை, ஊரில் யார் கேட்டாலும் நான் சொல்வதில்லை.